மக்காத மூலை

இந்த வருஷம் கழனிக்கு எருவாக வந்தது புங்கந்தழை மட்டும்தான். ஆனால் கழனி மூலைச் சேற்றிலிருந்து தூக்கிய செங்கம்மாளின் பாதத்தில் ஓர் எருக்கிலை ஒட்டிக்கொண்டு வந்தது. எருக்கு, போன ஆடியில் போட்டு மிதித்தது. மக்கி, நெல்லாகி, சோறாகித் தின்றும் தீர்ந்துபோனது. அவள் காம்பைக் கிள்ளினாள். பால் வடிந்தது.

பக்கத்தில் தழை மிதித்துக்கொண்டிருந்த செண்பகம் எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, இலையைப் பாத்துக்கினு நிக்கிற? மாமா நெல்லூர்லேர்ந்து வெத்தலை அனுப்பிச்சுதா?"

பெண்கள் சிரித்தார்கள். செங்கம்மாளும் சிரித்தாள்.

லாரி ஏறி நெல்லூர்ப் பக்கம் ஓடிவிட்டதாக ஊர் நம்பும் அவள் புருஷன் அரசப்பன், கலப்பை எட்டாத கழனி மூலையில் கிடந்தான். போன வருஷம் மிதிப்பு முடிந்த சாயங்காலம், குடிவெறியில் மகள் செல்வியின் கழுத்தை அவன் நெரித்தபோது செங்கம்மாள் பின்னாலிருந்து மண்வெட்டியால் வெட்டினாள். தேங்காய் உடைகிற சத்தமாகத் தொடங்கி, ஈரத்துணி துவைக்கிற சத்தமாக முடியும்வரை வெட்டினாள். எருக்கந்தழையோடு சேர்த்து மிதித்து இறக்கினாள். தழை மக்கும்போது சேறு சூடாகும், குமிழி விடும், நாறும், பிறகு அடங்கும். அவனும் அப்படி அடங்குவான் என்றுதான் இத்தனை நாள் தூங்கினாள்.

பொழுது சாய்ந்தது. கொழுந்தன் பரசுராமன் வந்து இலையை வாங்கிப் பார்த்தான். ஊத்துக்கோட்டைக்குப் போனால் செல்விக்குப் பொரியுருண்டை வாங்காமல் திரும்பாதவன்.

"வருசம் பூரா சேத்துல கெடந்தும் பச்சையா கீதே அண்ணி! மூலை மண்ணு கெட்டுப்போச்சு. தோண்டி வாரிடறேன்."

"நாளைக்கிப் பாத்துக்கலாம் தம்பி."

"இருட்டறதுக்குள்ள ஆயிடும். கூடை எடுத்துக்கினு வரேன்."

மண்வெட்டியை வரப்பில் குத்தி வைத்துவிட்டுப் போனான். பெண்களும் கால் கழுவிப் புறப்பட்டார்கள். தோண்டினால் போலீஸ் வரும். செல்விக்கு அம்மாவும் இல்லாமல் போய்விடும். எலும்புதானே இருக்கும், எடுத்து ஏரியில் போட்டுவிடலாம் என்று செங்கம்மாள் மூலைக்குள் இறங்கினாள்.

வெற்றிலையும் சாராயமும் கலந்த ஒரு வாசனை, அவளுக்கு மட்டும் தெரிந்த வாசனை, கெண்டைக்கால்களைச் சுற்றிய சேற்றிலிருந்து மெல்ல எழுந்து மூக்கில் ஏற, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் துழாவித் துழாவி நகர்ந்தாள். வழவழப்பாக ஏதோ தட்டியது. எலும்பு இல்லை. கன்னம். குத்துகிற தாடி. அதன் மேலே, இமை.

இமை அசைந்தது.

"இன்னா அண்ணி தேடற?"

பரசுராமன் கூடையை எறிந்துவிட்டு இறங்கினான். முழங்கால்வரை புதைந்தான். "வேரா இது?" குனிந்து தோள்வரை கையை விட்டான். இழுத்தான்.

ஒரு கை வந்தது. நரம்பு புடைத்த, சதை குறையாத கை. மணிக்கட்டில், அவன் தானே அண்ணனுக்குக் கட்டிய திருப்பாச்சூர்க் கோயில் கயிறு.

"அண்ணி," என்றான். குழந்தையைப்போல நிமிர்ந்து பார்த்தான். "சூடா கீது அண்ணி."

மண்வெட்டி அவள் கையில் இருந்தது. எப்போது எடுத்தாள்? தெரியவில்லை.

முதல் வெட்டு தோளில். "அண்ணி, வேணாம்!" இரண்டாவது வாயில். அதற்குப் பிறகு சத்தம் மட்டும். அதே சத்தம்.

கவிழ்ந்தவனை அமுக்கினாள். தழையை வாரிப் போட்டாள். மிதித்தாள். வலது கால். இடது கால். தண்ணீர் சிவந்தது. மிதித்தாள். மூச்சு வாங்கியது.

நின்றாள்.

அவள் நின்ற பிறகும் தழை அசைந்தது.

வலது பாதத்தின் அடியில் ஒரு நெஞ்சு ஏறி இறங்கியது. இடது பாதத்தின் அடியில் இன்னொன்று.