அன்னக்கொடியின் மூச்சு

“அக்கா எலும்பக் குடுங்க மச்சான்.”

வாசற்படி ஏறுமுன்பே சீனியம்மாள் கேட்டுவிட்டாள். வேறு எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று பேரையூரில் பஸ் ஏறும்போதுகூட ஆத்தா மணிக்கட்டைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். அவர்கள் சனத்தில் செத்தவளின் எலும்பு கட்டியவனுக்குச் சொந்தம். ராமேசுவரத்துக்குக் கொண்டுபோய்க் கடலில் விட வேண்டியவன் அவன்தான். பெண் கொடுத்த வீட்டார் அதைத் திருப்பிக் கேட்டால் உறவு அத்தோடு அறுந்தது. அறுத்துவிட ஆத்தாவுக்கு மனசில்லை. பரவையில் சொந்தக் கட்டடம் உள்ள மாப்பிள்ளை. மூத்தவள் அன்னக்கொடி போன இடத்தில் இளையவளை உட்கார்த்திவிட ஆவணியில் நாள் குறித்தாயிற்று. இவள் பட்டணத்தில் ரசாயனம் படித்து பி.எஸ்ஸி. முடித்ததை யாரும் தடையாக நினைக்கவில்லை. இவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. வேலைக்கு மனுப் போட மதுரைக்குப் போகிறேன் என்றவள் கையில் ஒரு பை கடலையைத் திணித்து, மச்சான் வீட்டிலும் தலையைக் காட்டிவிட்டு வா என்றார்கள்.

மச்சான் கருத்தக்கண்ணன் கோபப்படவில்லை. விரல்களைத் துண்டில் துடைத்துக்கொண்டே சிரித்தான். நகங்கள் மஞ்சள் பூத்துக் கிடந்தன.

“பி.எஸ்ஸி. படிச்சவ கேக்குற கேள்வியா இது? வெயில்ல நிக்காத கொழுந்தியா. உள்ள வா.”

சித்திரை மாதத்து உச்சிவெயில். ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. அவன் அப்பா காலத்தில் வெங்காயமும் பூண்டும் மலையாகக் குவித்திருந்த கிட்டங்கி அது, முன்பக்கத்தைத்தான் வீடாக்கியிருந்தார்கள். கிழவர் போய், வியாபாரமும் போய், வருசக்கணக்காகிவிட்டது. ஒரு பூண்டுப் பல்கூட இப்போது அந்த வீட்டுக்குள் வருவதில்லை.

ஆனாலும் பூண்டு வாடை அடித்தது. மூக்கின் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும் வாடை. சந்தை ஊரில் அதை யார் கண்டுகொள்வார்கள்? சீனியம்மாள் கண்டுகொண்டாள். வகுப்பில் ஒருதரம் வாத்தியார் மூடி திறந்து காட்டிய சீசாவின் வாடை.

“அந்த மருந்து காய்ச்சுறத இன்னும் விடலையா நீங்க?”

“விடுறதா? போலீஸ் வந்துச்சு, ஏட்டு மிதிச்சாப்ல. எங்கய்யா கடப்பாறையால அம்புட்டுச் சாமானையும் நொறுக்குனாரு. விட்டனா?”

யுத்த நேரத்தில் அவன் கொல்லைக் கொட்டகை வெடித்துக் கூரை பறந்தது ஊருக்கெல்லாம் தெரியும். மருந்து என்றாலே குண்டு என்றுதான் சர்க்கார் நினைத்தது. அதனால் அடுப்பைக் கிட்டங்கியின் கடைசி அறைக்குள் கொண்டுபோய்விட்டான். சன்னல் கிடையாது. உள்ளே என்ன நடந்தாலும் வெளியே பூண்டு வாடைதான்.

அதைப் பற்றிப் பேசும்போது அவன் கண் மின்னியது. அந்த மின்னல் அவளுக்கும் தெரிந்ததுதான். காலேஜில் நிறமில்லாத இரண்டு தண்ணீரைச் சோதனைக் குழாயில் சேர்த்ததும் தங்கப்பொடியாக மஞ்சள் இறங்கியதே, அன்றைக்கு ராத்திரி முழுக்க அவள் தூங்கவில்லை. அந்தப் பித்து இவனுக்கும் பிடித்திருப்பதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

“எலும்பு, மச்சான்.”

“வா. காட்டுறேன்.”

கடைசி அறைக்குள் அவளை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினான். மை இருட்டு. காலடியில் சாக்கு உறுத்தியது.

“கண்ணு பழகட்டும்.”

பழகியது. மேசை மேல் வாயகன்ற கண்ணாடிச் சீசா. அதில் கழுத்துவரை தண்ணீர். அடியில் மெழுகுத் துண்டுகளாக ஏதோ கிடந்தது. அதிலிருந்து பச்சையும் வெள்ளையுமாக ஒரு வெளிச்சம் கசிந்தது. அவள் வாழ்நாளில் அத்தனை அழகான ஒன்றைப் பார்த்ததில்லை. கை தானாக நீண்டது.

“எப்படி?” என்றாள். குரல் தணிந்துவிட்டது.

“எலும்புல இருந்துதான். மாட்டெலும்பு வாங்குனா ஊர் நாறிப்போகும். வீட்டுல ஒரு கலயம் நெறைய இருந்துச்சு.” சீசாவை மெல்லத் தடவினான். “கடல்ல கொட்டுனா மீனு கடிக்கும். இங்க பாரு, எம்புட்டு லட்சணமா இருக்கா.”

சீனியம்மாள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

“அக்கா எதனால செத்துச்சு?”

“பல்வலிதான்.”

“மச்சான்.”

“அடுப்ப ஊதுனது அவதான்,” என்றான் சாவகாசமாக. “புகை முழுக்க அவ மூஞ்சிலதான். முதல்ல பல்லு ஆடுச்சு. பொறகு தாடை அழுகுச்சு. இருட்டுல வாயைத் திறந்தா மூச்சு மினுமினுங்கும். ஒங்காத்தா பாத்துட்டு என்னா சொன்னா தெரியுமா? கொள்ளிவாய்ப் பேயி, வீட்டுக்குள்ள வராதேன்னு மறு பஸ்ஸுக்கே திருப்பி அனுப்பிட்டா.”

ஆத்தா இதைச் சொல்லவில்லை. அக்கா கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் பட்டணத்துக்குக் கடுதாசி வந்தது.

“என்ன சீக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாமலா? சொன்னா ஆஸ்பத்திரிங்கும்பாய்ங்க, போலீசுங்கும்பாய்ங்க. அடுப்ப அணைச்சிருவாய்ங்க.” இருட்டில் அவன் பல் தெரிந்தது. “அவளுக்கும் ஆசைதான். வாய் வெந்து கெடக்கும்போதும் ‘அந்த வெளிச்சத்தக் காட்டுங்க’ம்பா. ஆவணிக்குப் பொறகு ஒனக்கு நான் சொல்லிக் குடுக்கவே வேணாம். படிச்சவ. தாடையில துணி கட்டிக்கிட்டு ஊதுனா ஆச்சு.”

சீசாவின் வெளிச்சம் மெல்ல மங்கியது. மெல்லக் கூடியது.

மறுபடி மங்கியது.

“பாத்தியா? மூச்சு விடுற மாதிரி இல்ல? எந்நேரமும் இப்படித்தான். உச்சிக்கு நான் இங்கதான் படுப்பேன், இவ பக்கத்துல. அம்புட்டுக் குளிர்ச்சி.”

அவன் காய்ச்சி எடுத்தவனே தவிர, படித்தவன் இல்லை. பாஸ்பரஸ் காற்றுப் பட்டால்தான் ஒளிரும், சூட்டில் காய்ந்தால் தானாகவே பற்றியும் கொள்ளும். அதற்காகத்தான் தண்ணீருக்குள் வைப்பதே.

தண்ணீருக்குள் அது ஒளிரக் கூடாது.

அவள் சீசாவையே பார்த்தாள். வெளிச்சம் அங்கிருந்து எழுந்து அவன் தோளுக்குப் பின்னால் போய் நின்றது. ஒரு பெண்பிள்ளை உயரம். முகம் இல்லை. மேல்வரிசைப் பல் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

கீழே தாடை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஏதோ அடுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான்.

அது அவளருகே வந்தது. கன்னத்தில் மூச்சுப் பட்டது. பூண்டு வாடை. அதற்கடியில், காதோரம் அக்கா எப்போதும் தடவும் விளக்கெண்ணெய் வாடை. ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. சீனியம்மாள் நின்றாள். பெற்ற வீடு விரட்டியதை இவளும் விரட்டினால் அது எங்கே போகும்?

“என்னக்கா வேணும்?” என்று உதடு மட்டும் அசைத்தாள்.

வெளிச்சம் சீசாவின் மூடியில் போய் உட்கார்ந்தது.

அவ்வளவுதான். அவள் மனசு ஒரே நொடியில் கல்லானது. பயம் எங்கோ போய்விட்டது. ஆத்திரம் மட்டும் தெளிவாக, சோதனைக் குழாய்த் தண்ணீர் மாதிரி நின்றது.

“தொண்டை காயுது மச்சான். தண்ணி குடுங்க.”

“இந்தா, பானைத் தண்ணி கொண்டாரேன். இங்கயே இரு. தொட்டுராத, சுட்டுப்புடும்.”

கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போனான். சீனியம்மாள் மூடியைத் திருகி எடுத்தாள். சீசாவைச் சரித்தாள். தண்ணீர் முழுக்கச் சாக்கில் இறங்கியது. மெழுகுத் துண்டுகள் மட்டும் அடியில் தங்கின. சித்திரை மாதத்துப் பரவையில் அது காய்வதற்கு எம்புட்டு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தீக்குச்சி வேண்டியதில்லை.

நடையில் அவனை எதிர்கொண்டு செம்பை வாங்கிக் குடித்தாள். வாய் வைக்காமல் அண்ணாந்து, நிதானமாக, கடைசிச் சொட்டுவரை. செம்பை அவன் கையிலேயே கொடுத்தாள்.

“எலும்பு வேணாமா?” என்று கேலியாகக் கேட்டான்.

“வேணாம். இங்கயே இருக்கட்டும். போறேன் மச்சான்.”

“வாரேன்னு சொல்லிட்டுப் போ கழுத. போறேங்கிறது என்ன பேச்சு?”

“போறேன்.”

அவன் சிரித்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, உச்சித் தூக்கத்துக்கு உள்ளே நடந்தான்.

அவள் முன்கட்டைத் தாண்டுவதற்குள் பின்னால் கடைசி அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வெளித்தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டது. இரும்பு இரும்பில் நிதானமாக உரசி விழுந்தது.

“யாரு சாத்துனது?” அவன் குரல் உள்ளேயிருந்து வந்தது. “ஏய் சீனி, வெளாடாத. கதவத் தொற.”

செம்பு உருண்டது.



“அன்னம்?” என்றான். அப்படி ஒரு குரலில் அவன் பேசி அவள் கேட்டதே இல்லை. சின்னப் பிள்ளை குரல். “அன்னம், வாய மூடு. வாய மூடுத்தா.”

சீனியம்மாள் வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டாள். கடலைப் பையைப் படியிலேயே வைத்தாள். மதுரை பஸ் திண்டுக்கல் பக்கமிருந்து புழுதி கிளப்பிக்கொண்டு வருவது தெரிந்தது. கை காட்டி நிறுத்துவதற்காக ரோட்டில் இறங்கி நடந்தாள்.