ஏழாம் லைனுக்குப் போன பதில்

எதுவுமே செருகப்படாத ஏழாம் லைனிலிருந்து யாரோ கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

தோல் கம்பெனியின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் தானியேல் மூன்று நாளாகத் தூங்காமல் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். டிஸ்க்கோ பிரிண்டரோ, எதற்கு என்ன வேண்டுமென்றாலும் 'என்னைக் கவனி' என்று தன் லைனில் ஓர் இன்டரப்ட் அனுப்பும். கம்ப்யூட்டரின் மையப் புரோகிராமான கெர்னல் கைவேலையை நிறுத்தி, யாரென்று பார்த்து, பதில் சொல்லிவிட்டுத் திரும்பும். ஏழில் யாருமில்லை. கெர்னல் பார்க்கும், ஆளில்லை என்று திரையில் ஒரு வரி எழுதும், மறுபடி கூப்பாடு, மறுபடி ஒரு வரி. கடைசியில் திரும்பிப் பார்ப்பது மட்டுமே அதன் வேலையாகி, கம்ப்யூட்டர் இருக்கும் அந்த ஆளுயர இரும்பு அலமாரிக்குள் எல்லாம் உறைந்துபோகும்.

நாளைக் காலைக்குள் ஷூ அப்பர் சரக்குக்கான கப்பல் காகிதங்கள் அச்சாக வேண்டும். இல்லையென்றால் பழைய டைப்பிஸ்ட்டுகளே போதும் என்று மேனேஜர் ராஜகோபால் சொல்லிவிட்டார். தானியேல் சொந்த ஊரான மாதனூருக்குத் திரும்பலாம். இதே கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அக்கா யார் யாரிடமோ கெஞ்சி வாங்கித் தந்த வேலை இது. அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

வெள்ளிக்கிழமை, தொழிற்சாலைக்கு விடுமுறை. தோல் பதனிடும் பெரிய டிரம்களின் உருளல் ஓய்ந்த மத்தியானத்தில் ஏசியின் முனகலும், பூட்டிய ஷெட்டுகளிலிருந்து சுவரைத் தாண்டி வந்து நாக்கில் ஒட்டிக்கொள்ளும் சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த வாடையும் மட்டும் அந்த அறையில் இருந்தன. சர்க்யூட் கார்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினான். கூப்பாடு நிற்கவில்லை. எப்போது வருகிறதென்று பிடிக்க, ஒவ்வொன்றுக்கும் டெர்மினலில் மணி அடிக்கும்படி செய்தான்.

மூன்று. இடைவெளி. மூன்று.

கோளாறுக்கு இவ்வளவு பொறுமை இருக்காது என்று தோன்றியது.

களைப்பு அவனைச் சோம்பேறி வழிக்குக் கொண்டுவந்தது. ஏழாம் லைனுக்கென்று நாலு வரி புரோகிராம் எழுதினான்: எது கூப்பிட்டாலும் 'கேட்டது' என்று பதில் அனுப்பு, வேறெதுவும் செய்யாதே. அந்த வரிகளைச் சேர்த்துக் கெர்னலைப் புதிதாகத் தொகுக்கவிட்டுச் சாய்ந்தான்.

வாட்ச்மேன் அப்துல் வஹீத் டீயோடு வந்தார்.

"இன்னா சார், பொட்டிக்கு இன்னும் ஜொரம் எறங்கலியா?"

"எறங்கிடும் பாய். இப்போதான் மருந்து குடுக்கப்போறேன்."

மணி மூன்று முறை அடித்தது. வஹீத் டம்ளரை அப்படியே கீழே வைத்தார்.

"இத யார் சார் ஒங்களுக்குக் கத்துக் குடுத்தது?"

"எத?"

"மூணு தட்டு. தோல ஊறப்போட்டு முடி எடுக்குற சுண்ணாம்பு டிரம்ம கழுவ உள்ள எறங்குறவன் தட்டுறது. வெளிய நிக்கிறவன் திருப்பித் தட்டணும். தட்டுனாத்தான் ஏறி வருவான். பதில் தட்டுனவன்தான் கை குடுத்துத் தூக்கணும்." குரல் தாழ்ந்தது. "இந்த ரூம் கட்டுறதுக்கு முன்னாடி இங்கதான் ஒரு டிரம்மு இருந்துச்சு. கோவிந்தசாமி உள்ள இருந்தான். ஷிஃப்ட் மாறுற நேரம். அவன் தட்டுனது யாருக்கும் கேக்கல. சுவிட்ச போட்டுட்டாங்க."

"பேஜார் பண்ணாதீங்க பாய். ஏற்கெனவே தூக்கமில்ல."

"யாரும் பதில் தட்டல சார். இன்னிக்கு வரைக்கும் தட்டல."

தொகுப்பு முடிந்திருந்தது. தானியேலின் விரல் ஒரு கணம் தயங்கியது. அக்காவை நினைத்தான். மெஷினை நிறுத்தி, புதிய கெர்னலோடு எழுப்பினான்.

மூன்று முறை மணி அடித்தது.

திரையில் ஒரே வரி: லைன் ஏழு, பதில் தரப்பட்டது.

அதற்குப் பிறகு மணி இல்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கப்பல் காகிதங்களை அனுப்பினான். பிரிண்டர் தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"பாத்தீங்களா பாய்?"

வஹீத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலமாரியின் அடியிலிருந்து தண்ணீர். வெள்ளைத் தண்ணீர்.

அலமாரிக் கதவின் பிடி திரும்பியது. உள்ளிருந்து.

ஒரு சாண் இடைவெளி. ஒரு கை. ரோமமில்லை. நகமில்லை. ஊறி வெளுத்த தோல். வஹீத் பக்கம் அது போகவில்லை. தானியேலிடம் நீண்டது, உள்ளங்கையை விரித்து, தூக்கிவிடக் காத்துக்கொண்டு.