இரண்டு புதிய நாற்காலிகள்

அலெக்சாந்திரியாவில் ஒரு மனிதனின் புத்திக்கு விலை இரண்டு தட்டு மடவை மீன். சுட்டது. டாக்டர் ஷௌகி வாங்கிக் கொடுப்பார். மற்ற இரண்டு மருத்துவர்கள் நஷ்அத்தும் மம்தூஹும் தின்றுவிட்டு, வெற்றுத்தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். கைதிக்கு விசாரணைக் கூண்டில் நிற்கும் அளவுக்குப் புத்தி இருக்கிறதா இல்லையா என்று மேலே நிரப்புவது ஷௌகியின் பாடு.

போன வருடம் சட்டத்தைத் திருத்தினார்கள். மூன்று மருத்துவர்களும் சேர்ந்து உட்கார்ந்து, கைதியோடு பேசி, கண்ணால் கண்டதைத்தான் எழுத வேண்டுமாம். அந்தத் திருத்தத்தில் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவை இரண்டு புதிய நாற்காலிகள். அவை சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ந்து கிடக்கும்.

இன்று அவை மேசையருகே, ஷௌகியின் நாற்காலிக்கு இருபுறமும் போடப்பட்டிருந்தன.

"யாருடா இதை இழுத்துப் போட்டது?"

"நான் இல்ல பாஷா," என்றான் காவலாள் பஸ்யூனி. "சட்டம் போட்டிருக்கும்."

ஷௌகிக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே குளிர்காலப் புயல் கடலைப் பிடுங்கித் தெருவில் எறிந்துகொண்டிருந்தது. பட்டப்பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்த அந்த அறையில், கிருமிநாசினியும் ஈரச்சுவரும் கலந்து எப்போதும் வீசும் வாடைக்கு அடியில், நனைந்த சணல்கயிற்றின் நாற்றம் ஒன்று, யாரோ இப்போதுதான் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்ததுபோல, வலப்புறத்திலிருந்து மெல்ல வந்துகொண்டிருந்தது.

கைதியை உள்ளே விட்டு, பஸ்யூனி கதவுக்கு வெளியே நின்றுகொண்டான். கைதி மர்ஸூக் மீன் சந்தையில் ஐஸ் உடைக்கிறவன். கூட்டாளியை ஐஸ் குத்தும் ஊசியால் குத்திக் கொன்றான் என்று வழக்கு. புத்தி தெளிவு என்று எழுதினால் தூக்கு; ஷௌகி எழுதி இதற்குமுன் இரண்டு பேர் அப்படிப் போயிருந்தார்கள். இல்லையென்றால் இதே கட்டிடத்தில் ஒரு கட்டில்.

வந்தவன் மூன்று சலாம் வைத்தான். நாற்காலிக்கு ஒன்று.

'தொடங்கிட்டான்யா கூத்தை' என்று நினைத்தார் ஷௌகி. பைத்தியம் விற்க வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். பாதிப் பேருக்குச் சரக்கை மடிக்கக்கூடத் தெரியாது.

"கூட்டாளியக் குத்தினியா?"

"குத்தினேன்னு சொல்றாங்க பாஷா. அவன் நேத்து வந்து டீ குடிச்சிட்டுத்தான் போனான். சர்க்கரை பத்தலன்னு திட்டினான்."

"நல்லா நடிக்கிற. நாடகக் கம்பெனியில இருந்தியா?"

மர்ஸூக் இடப்பக்கத்து நாற்காலி பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டான். காத்திருந்தான். "தூக்கம் வரலைங்க பாஷா," என்றான் அதனிடம். பிறகு வலப்பக்கம் திரும்பினான். ஏதோ சொல்ல வாயெடுத்து, அங்கிருப்பவர் பேசி முடிக்கட்டும் என்று மரியாதையாக நிறுத்திக்கொண்டான்.

நடிக்கிறவன் அப்படி நிறுத்த மாட்டான். ஷௌகிக்குத் தெரிந்துவிட்டது. இவன் முற்றின பைத்தியம். சோளக்கொல்லைப் பொம்மைகூடச் சாட்சி சொல்லும்.

ஆனால் எழுத முடியாது. 'நாங்கள் மூவரும் நேரில் கண்டோம்' என்பது அறிக்கையின் முதல் வரி. 'காலி நாற்காலிகளோடு பேசினான்' என்று இரண்டாம் வரி எழுதினால், எந்த நாற்காலி காலி என்று நீதிபதி கேட்பார். வேலை போகும். பென்ஷன் போகும். ஒருவேளை அவரே கூண்டில் நிற்க வேண்டிவரும். ஒரு பக்கம் இத்தனையும். மறுபக்கம் ஐஸ் உடைக்கிற ஒருவனின் கழுத்து. சந்தையில் இதைவிடச் சல்லிசாக எதுவும் கிடையாது.

பேனாவை எடுத்தார்.

"பாஷா, அப்படி எழுதாதீங்கன்னு இவர் சொல்றார்."

ஷௌகி தாளைக் கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதினார். "யாருடா?"

"உங்க வலதுபக்கத்து ஐயா. பாவம், அவரால தலையை நிமித்த முடியல. தோள்மேலயே சாஞ்சு கிடக்கு."

"வாயை மூடு."

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க பாஷா. உங்க தோள்ல படுது."

வலது தோள் குளிர்ந்தது. ஷௌகி அந்தப் பக்கம் திரும்பவில்லை. வேகமாக எழுதினார். புத்தி தெளிவு. விசாரணைக்குத் தகுதியானவன். தன் கையெழுத்தையும் போட்டார். பேனா தாளைக் கிழித்தது.

"பஸ்யூனி!"

கதவு திறந்தது. பஸ்யூனி தாளை வாங்கிக்கொண்டான், மர்ஸூக்கின் கையைப் பிடித்தான். அறையை ஒருமுறை பார்த்தான்; என்ன பார்த்தானோ, கண்ணைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டான்.

"மூணு பேரும் முடிச்சிட்டீங்களா, பாஷா?"

"கிண்டலா? இரு, நானும் வரேன்."

எழ முடியவில்லை. தோளில் கனம். பாரம் ஏற்றிய மூட்டைபோல, சாய்ந்த கனம்.

மர்ஸூக் வாசலில் நின்று திரும்பினான். "நான் போயிட்டு வரேன் ஐயா," என்றான், வலப்பக்கம் பார்த்து. "இல்ல, டாக்டரு இருக்கட்டும். நீங்க பேசி முடிங்க."

கதவு சாத்திக்கொண்டது.

விளக்கு போயிற்று. புயல் நின்றது. சணல் நாற்றம்.

இடப்பக்க நாற்காலி கிரீச்சிட்டு நெருங்கியது. இழுத்து இழுத்து வாங்கும் மூச்சு. வலப்பக்கத்தில், காதுக்கு வெகு அருகில், இன்னொன்று. நடுவில் அவருடையது.

அறிக்கையில் கையெழுத்து மூன்று. அறையில் மூச்சு மூன்று.

கணக்கு நேராகிவிட்டது.