நாலு சிலிண்டரில் ஏழு தட்டு

டொக் டொக் டொக். கொஞ்சம் விட்டு, டொக் டொக் டொக் டொக்.

அக்பர் பாஷா சாவியைத் திருப்பி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சத்தம் வந்துவிட்டது.

மே மாதத்து மூன்று மணி வெயில் கார் ஷெட்டின் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. பெட்ரோல் வாடையும், கருகிய ஆயில் வாடையும், பழைய தோல் சீட்டிலிருந்து எழுந்த புளித்த வாடையும் கலந்து ஸ்ரீரஞ்சனியின் தொண்டையில் போய்ப் படிந்தன. அறுபத்து நாலாம் வருஷத்து ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், இரண்டே சீட், தரையோடு ஒட்டிய உடம்பு. ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் அவள் மாமனார் வாங்கியது. மாமனார் காலமானபின் அவள் கணவன் ஸ்ரீவத்சனுக்கு உலகத்தில் அது ஒன்றுதான் பெரிசு.

மெக்கானிக் பாஷா நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டார். பிறகு பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக உருவி மாட்டினார். கோளாறு உள்ள சிலிண்டரின் ஒயரை உருவினால் சத்தம் அடங்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அடங்கவில்லை.

"இன்னா சார் இது? பேரிங் புச்சா போட்டாச்சு. பிஸ்டனைக் கயட்டிப் பாத்தாச்சு. நாலு சிலிண்டர் வண்டி இப்பிடியா தட்டும்? இது இன்னாமோ கச்சேரி வாசிச்சிக்கினு கீது."

ஸ்ரீவத்சன் சிரிக்கவில்லை. "கச்சேரின்னா இவளைத்தான் கேக்கணும். சொல்லு, ஸ்ரீ."

முந்தானைக்குள் அவள் விரல்கள் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தன. பயம் வந்தால் அவை தானாகவே தட்டும். எட்டு வயதில், முதல் மேடை ஏறுவதற்குமுன் திரையோரம் நின்றபோது வந்த பழக்கம். கையை இறுக மூடிக்கொண்டாள்.

"ஏழு தட்டறது. மூணும் நாலும். மிஸ்ர சாபு."

"தாளம் யாருக்கு வேணும்? எங்கேர்ந்து வர்றது?"

"எனக்குத் தெரியலை."

பாஷா இஞ்சினை நிறுத்தினார். விசிறி சுற்றி ஓய்ந்தது. கூரையில் ஒரு காக்கை நடந்துபோகிற ஓசைகூடத் தெளிவாகக் கேட்டது.

டொக் டொக் டொக்.

டொக் டொக் டொக் டொக்.

பாஷாவின் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் நழுவித் தரையில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. "இஞ்சின்ல ஒண்ணியும் இல்ல சார். என்னை வுட்டுடுங்க." பாதி இறக்கியிருந்த ஷட்டருக்கு அடியில் குனிந்தவர், திரும்பி அவளைப் பார்த்தார். "யம்மா, நீயும் வெளிய வந்துரும்மா."

அவள் அசையவில்லை. எப்படிப் போவாள்? அவளுடைய வயலின் அந்த வண்டியின் டிக்கியில் இருந்தது.

சத்தம் தொடங்கியது அவள் இந்தக் காந்தி நகர் வீட்டுக்கு மருமகளாக வந்த வாரத்தில், ஆறு மாதத்துக்கு முன். ஸ்ரீவத்சன் காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவன். எதையும் முறையாகச் செய்வான். சங்கீதக்காரிக்குக் காது நுட்பம் என்று அவளை வண்டியருகே நிறுத்திக் கேட்பான். முதல் தடவை 'முன்பக்கம்' என்றாள். தப்பு. டெலிபோனுக்குப் பூட்டு விழுந்தது. அடுத்த தடவை 'சைலன்ஸர்' என்றாள். அதுவும் தப்பு. அம்மாவிடமிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமலே கியாஸ் அடுப்பில் காட்டினான். மூன்றாவது தடவை, நேற்று, வயலினைக் கொண்டுபோய் டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டான். சத்தத்துக்கு இடம் சொன்னால் வயலின். இல்லாவிட்டால் இல்லை.

இன்று நாலரை மணிக்கு ரேடியோ ஸ்டேஷனில் ஆடிஷன். அதில் தேறினால் மாசத்துக்கு ஒரு தடவையாவது இந்த வீட்டுக்கு வெளியே அவளுக்கென்று ஒரு நாற்காலி இருக்கும். பதினாறு வருஷத்து சாதகம் அதற்காகத்தான்.

"ஏன்னா, இந்த வெயில்ல ஃபிடில் உள்ள வெந்துடும். பசை விட்டுடும்."

"எடுத்துக்கோயேன்." சாவியைத் திருப்பி டிக்கியைத் தூக்கினான்.

வெந்த ரப்பர் வாடை முகத்தில் அடித்தது. ஸ்டெப்னி இல்லை, நேற்றே எடுத்துச் சுவரோரம் சாய்த்திருந்தான். வயலின் பெட்டி கைக்கு எட்டாத தூரத்தில், உள்மூலையில் கிடந்தது.

"உள்ள படுத்துண்டு கேளு. ஓடற வண்டியில எந்தப் பக்கம் தட்டறதுன்னு அப்பத்தான் தெரியும். ரேடியோ ஸ்டேஷன் வாசல்ல தொறந்து விடறேன்."

"டிக்கியிலயா?"

"மூணு நாப்பது ஆயிடுத்து, ஸ்ரீ. நான் ஒண்ணும் வற்புறுத்தலை."

மணிக்கட்டை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். கடிகாரத்தைப் பார்த்தாள். வயலினைப் பார்த்தாள். கால்களை மடக்கி உள்ளே ஏறினாள். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டதும் மூடி இறங்கியது. உள்பக்கம் கைப்பிடி கிடையாது.

வண்டி கிளம்பியது. இருட்டில் அவள் வழியைக் காதாலும் மூக்காலும் பார்த்தாள். சாக்கடை கலந்த ஆற்று நாற்றம், அடையாறு பாலம். பஸ்களின் ஹாரன். அப்புறம் கருவாட்டு வாடையும் உப்புக் காற்றும் மூடியின் இடுக்கு வழியாகக் கசிந்து வந்தன, சாந்தோம். இன்னும் ஐந்து நிமிஷம். இவ்வளவு தூரத்தில் ஒரு தட்டுகூடக் கேட்கவில்லை. இஞ்சின் தம்பூரா மாதிரி சுத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

கடல் இரைச்சல் பெரிதானது. வண்டி வேகம் குறைந்தது. நின்றது. எழுந்துகொள்ளத் தோளை நிமிர்த்தினாள்.

வண்டி வட்டமடித்துத் திரும்பியது.

மறுபடி கருவாடு. மறுபடி ஹாரன். மறுபடி அந்த ஆற்று நாற்றம்.

"ஏன்னா! ஏன்னா!"

கத்தினாள். உதைத்தாள். வண்டி ஷெட்டுக்குள் நுழைந்தது. இஞ்சின் நின்றது.

கதவு திறந்து மூடும் ஓசை. ஷட்டர் கடகடவென்று தரைவரை இறங்கியது. செருப்பின் சரசரப்பு. நாற்காலி ஒன்று சிமெண்ட் தரையில் இழுபட்டு, டிக்கிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. யாரோ உட்கார்ந்தார்கள். காத்திருந்தார்கள்.

"தொறங்கோ... மூச்சு முட்டறது..."

மூடியை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தொண்டை கட்டிக் குரல் போனது. வியர்வை கண்ணில் எரிந்தது. மார்பின்மேல் பெட்டிக்குள் ஏதோ 'டப்'பென்று விட்டது. ஒரு தந்தி சுருண்டு முனகி அடங்கியது. பசை விட்டுவிட்டது.

இருட்டு. ரப்பர். கொஞ்சம் காற்று. இன்னும் கொஞ்சம் காற்று.

அப்போது சத்தம் வந்தது. மிக அருகில். காதுக்குப் பக்கத்தில்.

டொக் டொக் டொக்.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

டொக் டொக் டொக் டொக்.

தகரத்தில் யாரோ தட்டுகிறார்கள். மூன்று. நான்கு. மூன்று. நான்கு. இதே ஏழு. எங்கேயிருந்து? இடது கையால் இருட்டில் துழாவினாள். கன்னத்துக்கு மேலே தகரம். தகரத்தில் ஒரு கை. ஈரமான கை. விரலில் மோதிரம். நிச்சயதார்த்தத்துக்குப் போட்ட மோதிரம்.

அவளுடைய வலது கை.

நிறுத்தப் பார்த்தாள். விரல்கள் கேட்கவில்லை. எட்டு வயதிலிருந்தே அவை அவள் பேச்சைக் கேட்டதில்லை.

வெளியே நாற்காலி முனகியது. மூடிமேல் ஒரு கன்னம் மெதுவாகப் படிந்தது. மூச்சு தகரத்தின் வழியே அவளுக்குக் கேட்டது. ஸ்ரீவத்சனின் குரல், ஆறு மாதத்தில் முதல் தடவையாக, ஆசையாக வந்தது.

"இதேதான், ஸ்ரீ... கல்யாணம் ஆனதுலேர்ந்து எனக்குக் கேட்டுண்டிருந்தது இதேதான். நிறுத்தாம தட்டு."