தம்பி குரல் நீங்கலாக

செவிவடி வாங்க வருகிறவர்களிடம் கடைக்காரி ரெஜினா முதலில் கேட்பது இதைத்தான்: தொந்தரவு சத்தமா, ஆளா?

ஆள்தான் என்றார் கபிலேஷ். கூடப் பிறந்த தம்பி.

ரெஜினாவுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. செவிவடி வந்த மறு வருடமே இரைச்சல் தடைச் சட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். பிடிக்காதவன் காதை வடிகட்டிக்கொள்ளட்டும், கத்துகிறவனை ஏன் தடுக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் நியாயம். பிறகென்ன, மதுரையில் காதுகுத்துக்குக்கூட மூன்று மாடி உயரத்துக்கு ஒலிக்கோபுரம் நட்டார்கள். புகார் சொல்லக் காவல் நிலையம் போனவனை, செவிவடி போடாமல் திரிந்தது உன் குற்றம் என்று திருப்பி அனுப்பினார்கள்.

ரெஜினா மூன்று ரகங்களை எடுத்து வைத்தாள். முதலாவது எல்லாச் சத்தத்தையும் அடைக்கும் பழைய பஞ்சுமூடி. இரண்டாவது இயந்திரம், மேளம், வண்டி இவற்றை மட்டும் நீக்கும். மூன்றாவது குரல்வடி, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைக்கிற அரிசியளவு கருவி. வேண்டாதவரின் குரலைப் பத்து நிமிடம் பதிந்து கொடுத்தால் போதும். அதை மட்டும் கஞ்சியாக வடித்துவிட்டு, மீதியைச் சோறாகக் காதில் போடும்.

“ரெண்டு மூணு வருஷம் போனா கருவிக்கே வேலையில்ல சார். மூளை தானாவே அந்தக் குரல விட்டுடும். ஆயுசுக்கும் நிம்மதி.”

கபிலேஷ் அந்த வார்த்தையில்தான் விழுந்தார். மனிதர் பெரிய வரம் ஒன்றும் கேட்கவில்லை. மனைவி போனபின் வீட்டில் அவரும் எட்டு வயது மகன் வேந்தனும்தான். பள்ளி விட்டு வந்ததும் பையன் மூச்சுவிடாமல் கதை சொல்வான். அவருக்கு ஒரு வார்த்தை காதில் விழாது. சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி தர்ஷனின் மைக்செட் கடை. ஊர் விசேஷங்களுக்கு அறிவிப்பாளனும் அவனே. சாயங்காலமானால் ஒலிக்கோபுரத்தைச் சோதிக்கிறேன் என்று தொடங்கிவிடுவான். சொத்தைப் பாகம் பிரித்த அன்று, அண்ணன் ஏமாற்றிவிட்டான் என்று அதே மைக்கில் வார்டு முழுக்கக் கேட்கத் திட்டிய புண்ணியவான் அவன். அன்றிலிருந்து அவன் ‘ஹலோ’ என்றாலே கபிலேஷ் ஜன்னலை அறைந்து சாத்துவார். இரைச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்வார், அந்தக் குரலை முடியாது.

குரலைப் பதிவதில் சிரமமே இல்லை. சுவரோரம் போய் நின்றார். பத்து நிமிடம் கேட்டால் தம்பி ஒரு மணி நேரம் கொடுத்தான்.

பிறகு ஏழு வருடம் சொர்க்கம். வேந்தன் சொன்ன கதைகளில் பாதி புளுகு. புளுகு என்று தெரிந்தும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். பள்ளி விட்டு வந்து அவன் பேசும் ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர் மீதிப் பொழுதை ஓட்டினார்.

பதினைந்தாம் வயதில் பையனுக்கு மகரக்கட்டு உடைந்து குரல் தடித்தது.

முதலில் அவன் பேச்சின் வால் காணாமல் போயிற்று, பிறகு நடுப்பகுதி. தொண்டை கட்டியிருக்கிறது என்று கஷாயம் வைத்துக் கொடுத்தார். வாய்க்குள்ளேயே முணுமுணுக்காதே என்று அதட்டினார். கேலிக்கு வாயசைக்கிறான் என்று நினைத்து ஒரு நாள் கன்னத்தில் அறைந்தும் விட்டார். பையன் தேம்பித் தேம்பி அழுதான். அழுகையும் கேட்கவில்லை. அப்போதுதான், கோளாறு பையன் தொண்டையில் இல்லை, தன் காதில் என்று அவருக்கு உறைத்தது.

அந்த வாரமே வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, தர்ஷன் என்று நினைத்து உங்கள் மகனிடம் போனில் மைக்செட் பேசிவிட்டேன், அச்சு அசல் அதே குரல் என்று சிரித்தார். கபிலேஷ் நேராக ரெஜினா கடைக்கு ஓடினார்.

ரெஜினா கருவியை எடுத்துப் போட்டாள். ஒன்றும் மாறவில்லை.

“கருவிய எடுத்துட்டேன் சார். உங்க மூளை பழகினத நான் எப்படி எடுக்கிறது?”

ஒரே ஒரு வழி சொன்னாள். எந்தக் குரலை மூளை மறந்ததோ அதையே, பேசுகிறவன் வாயைப் பார்த்தபடி, உரக்க, தினமும் ஒரு மணி நேரம் கேட்க வேண்டும். மகன் குரல் இன்னும் நாளுக்கொரு விதமாக மாறிக்கொண்டிருப்பதால் அது உதவாது. தம்பியைத்தான் பேச வைக்க வேண்டும்.

கபிலேஷ் தம்பி வாசலில் போய்க் கும்பிட்டு நின்றார். தர்ஷனுக்குக் கசக்குமா? ஒலிக்கோபுரத்துக்குக் கீழேயே நாற்காலி போட்டான். தினமும் மாலை ஐந்து மணிக்கு மைக்கைப் பிடித்தான். பாகச் சண்டையில் தொடங்கி, அண்ணனின் குணம், பிழைப்பு, செத்துப்போன அண்ணிவரை ஒன்றையும் விடவில்லை. தெருக்காரர்கள் செவிவடியை நிறுத்திவிட்டு வந்து கேட்டார்கள். அண்ணன் கைகட்டி உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசு தம்பி என்று கெஞ்சினார்.

சித்தப்பா உங்களைத் திட்டுகிறார், அம்மாவையும் திட்டுகிறார் என்று வேந்தன் ஒரு தாளில் எழுதிக் காட்டினான்.

“திட்டிட்டுப் போறான்டா. அவன் பேசுறது கேட்டாத்தான நீ பேசுறதும் எனக்குக் கேக்கும்.”

பதினான்காவது மாதம் ஒரு வார்த்தை விழுந்தது. “நாயே.”

கபிலேஷ் பாய்ந்து எழுந்து தம்பியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் வீட்டுக்கு ஓடினார்.

“கேக்குதுடா வேந்தா. பேசு. எதையாவது பேசு.”

வேந்தன் காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிக் காட்டினான். அங்கே ஆறிய தழும்பு ஒன்று இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசக் குரல்வடி கொடுத்த நாளில், அம்மாவைப் பற்றிய பேச்சைத் தாங்கமாட்டாமல் சித்தப்பா குரலைப் பதிந்து கொடுத்திருக்கிறான். அதோடு, அச்சு அசல் அதுபோலவே இருந்த அவன் குரலும் அவனுக்குக் கேட்காமல் போயிற்று. தன் பேச்சு தன் காதில் விழாதவனுக்கு பேச்சு எப்படி நேராக வரும்? வகுப்பில் இரண்டு முறை சிரித்தார்கள், பேசுவதை விட்டுவிட்டான். ஆறு மாதமாயிற்று. பேசினாலும் கேட்காத அப்பாவுக்கு, அவன் பேசாதது மட்டும் எப்படித் தெரியும்?

“அப்பான்னு ஒரு தடவ சொல்லுடா, போதும்.”

அவர் சொன்னது அவனுக்கு நன்றாகவே கேட்டது. தாளை எடுத்து, அவர் கேட்ட ஒரு வார்த்தையைப் பெரிதாக எழுதிக் கொடுத்தான்.