உள்ளிருந்து திறக்காத காம்பரா

கடைசி அறை மட்டும் தாயின் பேச்சைக் கேட்கவில்லை. ஜாவா என்ற கணினி மொழியில், தாய்க் கிளாஸ் என்னும் பொது அச்சில் ஒரு வேலைக்கான கட்டளையை, அதாவது ஒரு மெதட்டை எழுதினால் பிள்ளைக் கிளாஸ்களுக்கு அது தானாக வந்து சேரும். நமுனுகுல மலையில், ஹோட்டலாகிவிட்ட அந்தப் பழைய தேயிலைத் தோட்டக் கட்டடத்தின் மின்பூட்டுக் கதவுகளெல்லாம் அப்படித்தான் இயங்கின. உள்கைப்பிடியை அழுத்தினால் திறக்கும். கடைசி அறையின் கிளாஸில் மட்டும் அந்த மெதட் திரும்ப எழுதப்பட்டு, வெறுமையாக விடப்பட்டிருந்தது. உள்ளிருந்து அழுத்தினாலும் திறக்காது.

பூட்டுகளின் புரோகிராமைப் புதிதாகப் பொறுப்பேற்று ஹோட்டல் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த துஷாந்தினிக்கு எரிச்சலாக இருந்தது. நாளை அந்த அறைக்குக் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வருகிறது. உள்ளே மாட்டிக்கொண்டால், இதை எழுதிவிட்டு வேலையை விட்டுப்போன அஜந்தனை யாரும் கேட்கப்போவதில்லை. பழி இவள் தலையில்தான் விழும். அவனுக்கு போன் போட்டாள்.

"அந்தக் கடைசி ரூம ஏன் இப்பிடி வச்சிருக்க?"

"அதத் தொடாதீங்க அக்கா. வெளியில இருந்து தொறந்தா போதும்."

"ஏன்னு கேக்குறேன்."

"கூட யாரும் இருக்காங்களா?" என்றவன் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டான்.

தப்பை மூடி மறைக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். தேநீர் கொண்டுவந்த காவல்காரி ரெங்கம்மாவிடம் அந்த அறையைப் பற்றி விசாரித்தாள்.

"அது முந்தி புள்ளக்காம்பரா மிஸ். கொழுந்தெடுக்கப் போற அம்மாமாரு புள்ளைங்கள அங்கதான் விட்டுட்டுப் போவாங்க. தாழ்ப்பா வெளியில இருக்கும். இல்லாட்டி அம்மாவத் தேடிக்கிட்டு மலைக்கே வந்துருங்களே." கோப்பையைப் பார்த்தபடி சொன்னாள். "ஒரு மழை நாள்ல தொறக்க ஆள் வரல."

அவள் லயத்திலிருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து தன்னைப் பயமுறுத்துகிறார்களோ என்று துஷாந்தினிக்குச் சந்தேகம் தட்டியது. பேய்க்குப் பயந்து புரோகிராம் எழுதுவதா? அந்த வெற்று மெதட்டை அழித்துச் சேமித்தாள். இனி எல்லா அறைக்கும் ஒரே சட்டம்.

ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவில் பனிமூட்டம் இறங்கி, மாலை வெளிச்சத்தை மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டிருந்தது. திரையில் ஒரு வரி வந்தது: கடைசி அறை, உள்கைப்பிடி அழுத்தப்பட்டது.

பூட்டு ஈரத்துக்குக் கெட்டிருக்கும்.

மறுபடியும் அதே வரி. மறுபடியும்.

நடைபாதையின் கோடியில் பூட்டு விடுபடும் சத்தம் கேட்டது. புளித்த பால் வாடை வந்தது, நனைந்த கம்பளி வாடையும். காலடி இல்லை. சிமெந்தில் எதுவோ உரசி உரசி வந்தது. ஒன்றல்ல. நிறைய.

அவள் நாற்காலியோடு சுவர்வரை பின்னால் நகர்ந்தாள்.

அலுவலகக் கதவு திறந்தது. கண் மட்டத்தில் யாருமில்லை.

அவள் ஷால் கீழே இழுபட்டது. குளிர்ந்த, குட்டிக் கைகள். முழங்காலைப் பற்றின. மடியில் ஏறின. பசியோடு அவள் மார்பைத் தேடின.