கறுத்துப்போன மீன்குழம்பு

"தங்கமுத்து அக்கா, நான் குழம்புக்கை நஞ்சு வைச்சனாம்!" என்று சொல்லிக்கொண்டே ஜெசிதா படலையைத் தள்ளித் திறந்தாள்.

தங்கமுத்து பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் முப்பது வருடம் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரில் எந்தச் சிக்கல் வந்தாலும் பொலிசுக்கு முன் அவரிடம்தான் வருவார்கள். அவரோடு கூடித் திரியும் ஸ்டூடியோக்காரன் லெனாட்டுக்கு ஆர்வம் அளவில்லாமல் உண்டு. விளங்குவதுதான் கொஞ்சம் பிந்தும்.

கொடிகாமத்துத் தென்னங்காணி ஒன்றில் ஞாயிறுதோறும் நாலைந்து பேர் கூடி, யாழ்ப்பாண அரசர் காலத்துச் சமையலையும் தோல்வேலையையும் செய்து பார்ப்பார்கள். மிளகாய்க்கும் தக்காளிக்கும் அங்கே இடமில்லை. விறகடுப்பு, மண்சட்டி, ஆவரசம்பட்டையில் ஜெசிதா பதனிட்டுத் தைத்த ஆட்டுத்தோல் பையிலிருந்து தண்ணீர். இன்று காலை தலைவர் பரமலிங்கம் வைத்த மீன்குழம்பு மை போலக் கறுத்துக் கைத்தது. முதல் நாள்தான் ஜெசிதா அவரோடு வாய்க்குவாய் கதைத்திருந்தாள். அது போதாதா மனுசனுக்கு? போனை எடுத்து ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

"செருப்புக்குச் சொல்லியிருந்த மூண்டு பேர் வேண்டாமெண்டிட்டினம். அதுதான் அக்கா என்ரை சீவியம்," என்றபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

லெனாட்டையும் கூட்டிக்கொண்டு காணிக்குப் போனார்கள். அடுப்படியில் இரண்டு சட்டிகள் இருந்தன. ஒன்றில் கறுத்த குழம்பு, மற்றதில் கூட்டத்தில் இன்னொருத்தியான கோபிகா காய்ச்சிய சாமைக்கஞ்சி. கஞ்சி இலேசாகத் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. குடித்த ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"ரண்டுக்கும் ஒரே தண்ணியோ?" என்று தங்கமுத்து கேட்டார்.

"ஓம். வேறை தண்ணி நான் தொடமாட்டன்," என்றார் பரமலிங்கம். கண் ஒப்பரேசன் செய்து மூன்று கிழமைதான். தென்னை நிழலிலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

லெனாட்டுக்குத் தலை சுற்றியது. தண்ணீரில் பிழை என்றால் கஞ்சியும் கறுத்திருக்க வேண்டும். மிளகிலா, மீனிலா, அல்லது கோபிகாதான் ஏதும் செய்தாளா? தங்கமுத்துவோ இரண்டு சட்டிகளின் அடியையும் தடவித் தடவித் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை துடைக்கிறார் என்று லெனாட் நினைத்தான்.

"லெனாட், அண்ணையின்ரை குசினியிலை இருந்து பொரிக்கிற இரும்புத் தாச்சியை எடுத்துக்கொண்டு வா."

வேலிக்கு அந்தப் பக்கம்தான் பரமலிங்கத்தின் வீடு. தாச்சி கழுவின ஈரத்தோடு இருந்தது. தங்கமுத்து அதில் தோல்பைத் தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்தார். சிறிது நேரத்தில் தண்ணீர் கறுக்கத் தொடங்கியது.

"இது என்ன மாயம்?" என்றான் லெனாட்.

"வாழைப்பொத்தி வெட்டினால் கத்தி கறுக்கிறேல்லையோ? ஆவரசம்பட்டையிலையும் அதே துவர்ப்புத்தான், அது தோல்பையிலை இருந்து தண்ணியிலை ஊறியிருக்கு. இரும்பைக் கண்டால் கறுக்கும், மண்சட்டியிலை கறுக்காது. கஞ்சிச் சட்டியின்ரை அடியிலை கரி இருக்கு. குழம்புச் சட்டியிலை பொட்டுக் கரியும் இல்லை. அது அடுப்பிலை ஏறவேயில்லை. அண்ணை, உங்கடை கண் புகை தாங்காது. வீட்டை காஸ் அடுப்பிலை, தாச்சியிலை வைச்சுப்போட்டு சட்டிக்குள்ளை ஊத்தினியள். அடுப்பிலை கள்ளம் செய்த மனுசன், தண்ணியிலை மட்டும் நேர்மையா இருந்திட்டியள்!"

பரமலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது.

"கறுத்ததைக் கண்டு நானும் பயந்துதான் போனன். ஆனால் தாச்சியைப் பற்றிச் சொல்ல வெக்கமாப் போச்சு. சட்டமெல்லாம் போட்டவன் நான்தானே," என்று முனகினார்.

"புகை ஒத்துவராதெண்டு சொல்லியிருந்தால் நானே சமைச்சிருப்பன்," என்றாள் ஜெசிதா. "இப்ப எல்லாருக்கும் போன் பண்ணுங்கோ. எனக்கு முன்னாலை."

அவர் எண்ணைத் தேடி அழைத்தார். "ஹலோ... அந்தக் குழம்பிலை நஞ்சு ஒண்டும் இல்லையாம்..."

"அதில்லை அண்ணை," ஜெசிதா குறுக்கிட்டாள். "நஞ்சு இல்லையெண்டு பிறகு சொல்லலாம். முதலிலை, என்னைப் பற்றி நீங்கள் சொன்னது பொய்யெண்டு சொல்லுங்கோ."

பரமலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு அதைச் சொன்னார்.

"அடுத்த ஆள்," என்றாள் ஜெசிதா.